காஸ்டிக் ஊற்றியும் இறங்காத நிக்கல்: பிளேட்டிங் கழிவுநீரில் கணக்கும் ஜார் டெஸ்ட்டும்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நடுத்தர அளவு எலக்ட்ரோபிளேட்டிங் (மின்முலாம் பூசும்) ஷாப் ஒன்றை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கிலோலிட்டர் கழிவுநீர். அதில் நிக்கல், துத்தநாகம், கொஞ்சம் தாமிரம், கொஞ்சம் குரோம். ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார். இருந்தும் மாதாமாதம் வரும் லேப் ரிப்போர்ட்டில் துத்தநாகமும் தாமிரமும் வரம்புக்குள் அடங்கியிருக்க, நிக்கல் மட்டும் லிட்டருக்கு 6, 7 மில்லிகிராமில் அப்படியே நிற்கிறது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் காஸ்டிக் ஊத்தவா?" என்று ஆப்பரேட்டர் கேட்பார். "ஊத்து" என்பார் சூப்பர்வைசர். காஸ்டிக் என்பது சோடியம் ஹைட்ராக்சைடு, பி.எச்.சை ஏற்றி உலோகத்தை ஹைட்ராக்சைடாக வீழ்த்துவது அதன் வேலை. பி.எச். 10 ஆகும், 10.5 ஆகும். டிரம் காலியாகும், ஸ்லட்ஜ் (அடியில் படியும் சேறு) பெருகும், நிக்கல் அசையாது.

1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலைப்படி, நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. தாமிரத்துக்கும் 3, துத்தநாகத்துக்கு 5, மொத்தக் குரோமியத்துக்கு 2, ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிறன்) குரோமியத்துக்கு 0.1, சயனைடுக்கு 0.2. பி.எச். 5.5 முதல் 9 வரை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தொழிற்சாலைக்குத் தரும் இசைவாணையில் இதைவிடக் கடுமையான வரம்பும் இருக்கலாம். பீன்யாப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதியில் சேர்கிறது. அது பைரமங்கலா ஏரியைத் தொட்டு அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. அதற்கடுத்து மேகதாது, ஒகேனக்கல், மேட்டூர். ஆகவே இந்தக் கணக்கு ஒரு ஷாப்பின் அபராதத்தோடு முடிகிற விஷயமல்ல.

இந்த நிக்கல் ஏன் இறங்கவில்லை என்பதற்குப் பதில் காஸ்டிக் டிரம்மில் இல்லை. தண்ணீரில் எவ்வளவு நிக்கல் என்று ரிப்போர்ட் சொல்கிறது. அது எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்வதில்லை. வடிவத்தைக் கண்டுபிடிக்கத்தான் வேதியியல் கணக்கும் பீக்கர் சோதனையும் சேர்ந்து வேண்டியிருக்கின்றன.

முதலில் இரண்டு பாட்டில்

கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. செட்லிங் டேங்க்கின் வெளிவாயிலில் ஒரே நேரத்தில் இரண்டு சாம்பிள் எடுக்க வேண்டும். ஒன்றை அப்படியே பாட்டிலில் நிரப்பி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மற்றொன்றை அங்கேயே, அந்த இடத்திலேயே, 0.45 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடிகட்டி, அதற்குப் பிறகு அமிலம் விட வேண்டும். வரிசை மாறிவிட்டால் சோதனை பாழ். முதலில் அமிலம் விட்டு, பிறகு வடிகட்டினால் மிதந்துகொண்டிருந்த வீழ்படிவு எல்லாம் கரைந்து, ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும்.

வடிகட்டாததில் 7 மி.கி., வடிகட்டியதில் 0.5 என்று வந்தால் வேதியியலில் கோளாறில்லை. வீழ்படிவு உருவாகிவிட்டது, படியத்தான் இல்லை. பாலி (துகள்களைக் கட்டியாகச் சேர்க்கும் பாலிமர்) டோஸ், கலக்கும் வேகம், டேங்க்கின் பரப்பளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் 7 என்று வந்தால் நிக்கல் உண்மையிலேயே கரைந்த நிலையில் இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பல ஷாப்களில் இதைச் செய்யாமலேயே புது டேங்க் கட்டுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு மட்டும் தனிப் பாட்டில், அமிலம் போடாதது. அமிலத்தில் அது தண்ணீரிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து குறைந்துபோகும். ரிப்போர்ட் நல்லதாகத் தெரியும், தண்ணீர் நல்லதாக இருக்காது.

கையால் போடும் கணக்கு

நிக்கல் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் (எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிக்கும் மாறிலி) ஏறத்தாழ 10-இன் மைனஸ் 15-ஆம் அடுக்கு. இதை வைத்துக்கொண்டு கணக்கிட்டால், வேறு எதுவும் கலக்காத தண்ணீரில் பி.எச். 8-இல் லிட்டருக்குச் சுமார் 59 மி.கி. நிக்கல் கரைந்திருக்கும். 8.5-இல் சுமார் 6. 9-இல் 0.6. பி.எச். ஒரு படி ஏறினால் நிக்கல் நூறில் ஒன்றாகக் குறைகிறது. புதிதாக விழுந்த வீழ்படிவு ஒழுங்கான படிகமாக இராது, கூடுதலாகக் கரையும்; அதனால் நடைமுறையில் 9.5 முதல் 10 வரை வைக்கிறார்கள். அதில் தவறில்லை.

குரோமியமும் துத்தநாகமும் இப்படி நேர்கோட்டில் போவதில்லை. அவை அமிலத்திலும் கரையும், மிஞ்சிய காரத்திலும் கரையும். டிரைவேலன்ட் (மூன்று இணைதிறன்) குரோமியம் பி.எச். 8, 9 பக்கத்தில் மிகக் குறைவாகக் கரைகிறது. துத்தநாகம் 9 முதல் 10 வரை. பி.எச். 11-ஐத் தாண்டிவிட்டால் விழுந்த துத்தநாகம் திரும்பக் கரையத் தொடங்கும். எல்லா உலோகத்தையும் ஒரே டேங்க்கில் ஒரே பி.எச்.சில் வீழ்த்த வேண்டுமென்றால் 9.5 பக்கத்தில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நம் ஷாப்பில் பி.எச். 10-இல் நிக்கல் 0.1 மி.கி.கூட இருக்கக் கூடாது. இருப்பதோ 6, 7. அறுபது மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய இடைவெளியை பி.எச். மீட்டர் பிழையாலோ வெப்பநிலையாலோ விளக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று நிக்கலைப் பிடித்து வைத்திருக்கிறது.

யார் பிடித்து வைத்திருப்பது?

பிளேட்டிங் ஷாப்பில் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: அம்மோனியா, சிட்ரேட் வகைக் கரிம அமிலங்கள், இ.டி.டி.ஏ. இவை நிக்கல் அயனியைச் சுற்றிக்கொண்டு அணைவுச் சேர்மமாக்கிவிடும். அப்போது ஹைட்ராக்சைடுக்குக் கிடைக்கும் தனி நிக்கல் மிகக் குறைவு.

பழி வழக்கமாக அம்மோனியாவின் மேல்தான் விழும், வாடை வருவதால். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிரபராதி. லிட்டருக்கு 50 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தாலும், பி.எச். 9-இல் நிக்கலின் கரைதிறன் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகிறது: 0.6 இருந்த இடத்தில் 1.1 மி.கி. பி.எச். 10-இல் மூன்று மடங்கு சொச்சம் ஆனாலும், அங்கே அடிப்படை அளவே மிகச் சிறியது. 7 மி.கி.யை இதனால் விளக்க முடியாது.

சிட்ரேட் நடுத்தரம். நிக்கலோடு அதன் நிலைப்பு மாறிலி (பிடியின் வலுவைக் காட்டும் எண்) 10-இன் 5-ஆம், 6-ஆம் அடுக்குகளை ஒட்டியது. பி.எச். 9-இல் தொல்லை தரும். 11-க்கு ஏற்றினால் கணக்குப்படி பிடி விட்டுப்போகும்.

இ.டி.டி.ஏ. அப்படியல்ல. நிக்கலோடு அதன் நிலைப்பு மாறிலி 10-இன் 18.5-ஆம் அடுக்கு. தாமிரத்தோடு 18.8, துத்தநாகத்தோடு 16.5, கால்சியத்தோடு 10.7. இந்த எண்களை மட்டும் பார்த்தால் தாமிரம்தான் இ.டி.டி.ஏ.வைப் பிடிக்கும் என்று தோன்றும். ஆனால் பி.எச். 10-இல் தாமிர ஹைட்ராக்சைடு மிக மிகக் குறைவாகவே கரைகிறது. தனித் தாமிர அயனி 10-இன் மைனஸ் 12-ஆம் அடுக்கு மோலாரை ஒட்டித்தான் மிஞ்சும். தனி நிக்கலோ மைனஸ் 7-ஆம் அடுக்கு. மாறிலியையும் மிஞ்சும் அயனியையும் பெருக்கினால் நிக்கலுக்கு 11.5-ஆம் அடுக்கு, துத்தநாகத்துக்கு 8, தாமிரத்துக்கு 7-க்கும் கீழே. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் வரும் கால்சியத்துக்கும் 8 பக்கம்தான். அதாவது இருக்கிற இ.டி.டி.ஏ. முழுவதையும் நிக்கலே எடுத்துக்கொள்ளும். தாமிரமும் துத்தநாகமும் ஒழுங்காகப் படிய, நிக்கல் மட்டும் நிற்பது ஏன் என்பதற்கு இதுவே விளக்கம். ரிப்போர்ட்டில் அந்தப் போக்கு தெரிந்தால், அளந்து பார்க்காமலே இ.டி.டி.ஏ.வைச் சந்தேகிக்கலாம்.

உறுதிசெய்ய ஒரு லிட்டர் பீக்கர் போதும். செட்லிங் டேங்க் தண்ணீரை வடிகட்டி, பி.எச். 11-க்கு ஏற்றி, அரை மணி நேரம் கலக்கி, மறுபடி வடிகட்டி, நிக்கலை அளக்க வேண்டும். இறங்கினால் சிட்ரேட் வகை. அசையாவிட்டால் இ.டி.டி.ஏ. வகை. இன்னொரு அடையாளம்: உள்ளே வரும் நிக்கல் 40 ஆக இருந்தாலும் 120 ஆக இருந்தாலும் வெளியே போவது அதே 6, 7-இல் நிற்கும். ஏனென்றால் வெளியே போகும் அளவைத் தீர்மானிப்பது நிக்கலின் வரவு அல்ல, இ.டி.டி.ஏ.வின் வரவு. ஒரு மூலக்கூறு இ.டி.டி.ஏ. ஒரு நிக்கல் அயனியைக் கொண்டுபோகும்.

மென்பொருள் என்ன செய்யும், எங்கே ஏமாற்றும்

மேலே போட்டவை தோராயக் கணக்குகள். எல்லா அயனிகளையும் ஒரே சமயத்தில் வைத்து, அயனி வலிமைக்கான திருத்தத்தோடு போட வேண்டுமானால் மென்பொருள் வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஃப்ரீக்சி, ஸ்வீடனில் உருவான விஷுவல் மின்டெக் இரண்டும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். கொடுக்க வேண்டியவை: பி.எச்., வெப்பநிலை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்ஃபேட், காரத்தன்மை, உலோகங்கள், அம்மோனியா, பாஸ்பேட், ஈனிகள் (இ.டி.டி.ஏ., சிட்ரேட் போல உலோகத்தைப் பிடிப்பவை).

கொடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது மின்சுமைச் சமநிலை. நேர் அயனிகளின் கூட்டலும் எதிர் அயனிகளின் கூட்டலும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். 20 சதவீதம் இடித்தால் லேப் எதையோ அளக்கவில்லை, அல்லது தவறாக அளந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை வைத்து மேலே எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஏமாறும் இடங்கள் மூன்று உண்டு. ஃப்ரீக்சியோடு முதன்மையாக வரும் தரவுக் கோப்பில் நிக்கல், குரோமியம், இ.டி.டி.ஏ. மூன்றும் கிடையாது. மின்டெக் வழித் தரவுக் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளுக்கோனேட் போன்றவற்றுக்கு மாறிலிகளை நாமே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்தது, எந்தத் திண்மம் விழலாம் என்ற முடிவை மென்பொருளிடம் விட்டுவிடக் கூடாது. விட்டால் ஸ்பினல், ஹெமடைட், டோலமைட் என்று அறை வெப்பநிலையில் அரை மணி நேரத்தில் ஒருநாளும் விழாதவற்றை வீழ்த்திக் காட்டி, நிக்கல் பூஜ்யம் என்று சொல்லிவிடும். படிகமற்ற ஹைட்ராக்சைடுகள், கால்சைட், ஜிப்சம் இவற்றை மட்டும் அனுமதிப்பதே பாதுகாப்பு. மூன்றாவது ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினைகள். எல்லாம் முழுச் சமநிலைக்குப் போய்விட்டதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும், நைட்ரேட்டை அம்மோனியாவாக்கிவிடும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை) என்ற எண்ணை இந்த மென்பொருள்களுக்குத் தெரியாது. எண்ணெய், சோப்பு நுரை, ஃப்ளாக் (வீழ்படிவுக் கட்டி) படியும் வேகம் எதையும் தெரியாது. அங்கெல்லாம் பீக்கர்தான்.

சுண்ணாம்பு: கணக்கு சரி என்கிறது, பீக்கர் பொறு என்கிறது

இ.டி.டி.ஏ.வை நிக்கலிடமிருந்து பிடுங்க வேண்டுமானால் இரண்டு வழி. தனி நிக்கலை இன்னும் குறைக்க வேண்டும், அல்லது போட்டிக்கு வேறொரு அயனியை நிறைய இறக்க வேண்டும். காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு போட்டால் இரண்டும் நடக்கும்.

லிட்டருக்கு 800 மி.கி. கால்சியம், அதாவது 20 மில்லிமோல், வைத்துக் கணக்கிடுவோம். பி.எச். 10-இல் ஒவ்வொரு கால்சியம் இ.டி.டி.ஏ.வுக்கும் சுமார் 300 நிக்கல் இ.டி.டி.ஏ. இருக்கும், பயனில்லை. பி.எச். 11-இல் மூன்றுக்கு ஒன்று. இன்னும் நிக்கல் பக்கம்தான். பி.எச். 12-இல் தராசு சாய்கிறது: இ.டி.டி.ஏ.வில் 97 சதவீதம் கால்சியத்திடம் போய்விடும், நிக்கலிடம் 3 சதவீதமே மிஞ்சும். 6.3 மி.கி. நிக்கல் 0.2 மி.கி. ஆகும். பி.எச். 12-க்குச் சுண்ணாம்பு மட்டும் போட்டால் தண்ணீரில் சேரும் கால்சியம் 5 மில்லிமோல் அளவுதான். மீதியைக் கால்சியம் குளோரைடாகத்தான் சேர்க்க வேண்டும், லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல். பி.எச். 10.5-இல் நின்றுகொண்டு காஸ்டிக்கைக் கூட்டிக்கொண்டிருந்தது ஏன் வீண் என்பதும், 12-க்குப் போவது ஏன் வீணல்ல என்பதும் இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. பீக்கரில் குருட்டாம்போக்கில் தேடியிருந்தால் 11-ஓடு நிறுத்தி, சுண்ணாம்பும் பயனில்லை என்று எழுதிவைத்திருப்பார்கள்.

இனி ஜார் டெஸ்ட், அதாவது பீக்கர்களில் செய்யும் சிறு அளவுச் சோதனை. ஆறு பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர், அன்றைக்கு எடுத்த தண்ணீர். பி.எச். மீட்டரை 4, 7, 10 பஃபர்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 12-க்கு மேல் சோடியம் மிகுந்த தண்ணீரில் சாதாரணக் கண்ணாடி எலக்ட்ரோடு குறைத்துக் காட்டும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். சுண்ணாம்பைப் பொடியாகத் தூவாமல் 5 சதவீதச் சுண்ணாம்புப் பாலாகக் கலக்கி விடுவது நல்லது. 120 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடம். பிறகு பாலி: ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மெதுவாகக் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் ஒரு மில்லி ஒரு லிட்டர் பீக்கருக்கு 1 மி.கி. டோஸ். பாலி போட்டபின் 30 சுற்றில் 15 நிமிடம். வேகத்தைக் குறைக்காமல் விட்டால் கட்டிய ஃப்ளாக் உடைந்து தூளாகும், பிறகு எவ்வளவு பாலி போட்டாலும் பழையபடி கூடாது. அரை மணி நேரம் படியவிட்டு, மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயிருந்து பிப்பெட்டில் எடுத்து, வடிகட்டி அளக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சோதனையில் இந்த வழக்கமான ஒரு மணி நேர நடைமுறை போதாது. நிக்கல் இ.டி.டி.ஏ. அணைவு அவிழ்வது மெதுவான வேலை. தாமிரமோ துத்தநாகமோ போலச் சட்டென்று ஆள் மாற்றாது. கணக்கு சொல்வது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை. எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை அது சொல்லாது. ஆகவே ஒரு பீக்கரைத் தொடர்ந்து கலக்கவிட்டு 30 நிமிடம், 1 மணி, 2 மணி, 4 மணி, 24 மணி என்று சாம்பிள் எடுக்க வேண்டும். நான்கு மணியில் பாதிதான் இறங்கியது என்றால், 10 கிலோலிட்டரைத் தொடர் ஓட்டத்தில் செய்ய முடியாது. இரண்டு டேங்க் வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேட்ச்சாகத்தான் செய்ய முடியும். ரசாயனம் தேர்வதைவிட டேங்க் கொள்ளளவைத் தேர்வதுதான் இங்கே உண்மையான முடிவு.

நேரமில்லாதவர்கள் அணைவிலிருந்தே நிக்கலைப் பிடித்து வீழ்த்தும் டைமெத்தில் டைதயோகார்பமேட் பக்கம் போகிறார்கள். ஒரு நிக்கலுக்கு இரண்டு மூலக்கூறு. எடையில் ஒரு கிராம் நிக்கலுக்கு ஏறக்குறைய 4.9 கிராம் தூய சோடியம் உப்பு. லிட்டருக்கு 6.3 மி.கி. நிக்கலுக்கு 31 மி.கி., கடையில் கிடைக்கும் 40 சதவீதக் கரைசலாக 77 மி.கி. காஸ்டிக்கில் மற்ற உலோகங்களை வீழ்த்திப் பிரித்த பிறகே இதைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் தாமிரமும் துத்தநாகமும் முதலில் தின்றுவிடும். அமிலத் தண்ணீரில் இது சிதைந்து கார்பன் டைசல்ஃபைடாகும், அதனால் பி.எச். 7-க்குக் கீழே போகக் கூடாது. மிஞ்சிப் போனால் மீன்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலுள்ள நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. சோடியம் சல்ஃபைடு மலிவு, பி.எச். 7-இல் அதில் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக நிற்கும் என்பதால், மூடிய கொட்டகையில் அதைக் கையாள்வதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

விடை பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில்

இதுவரை சொன்னதெல்லாம் இ.டி.டி.ஏ. தண்ணீரில் கலந்த பிறகு செய்வது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

எண்ணெய் நீக்கும் சோக் கிளீனர்களில் சிலவற்றில் இ.டி.டி.ஏ. இருக்கும். மாதம் 100 கிலோ கிளீனர் வாங்குகிறார்கள், அதில் டைசோடியம் இ.டி.டி.ஏ. 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 10 கிலோ. மூலக்கூறு எடை 372, ஆக சுமார் 27 மோல். மாதத்துக்கு 25 வேலை நாள், நாளைக்கு 10 கிலோலிட்டர் என்றால் 250 கிலோலிட்டர் தண்ணீர். வகுத்தால் லிட்டருக்கு 0.107 மில்லிமோல். அத்தனையும் நிக்கலைப் பிடித்தால் லிட்டருக்கு 6.3 மி.கி. லேப் ரிப்போர்ட்டில் நின்ற எண் அதுதான். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு ரெஜிஸ்டரும் சப்ளையரின் பாதுகாப்புத் தாளும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

கணக்கில் வந்தது மாதச் சராசரி. கிளீனர் டேங்க்கை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொட்டும் ஷாப்பில் அந்த நாளில் நிக்கல் பல மடங்கு ஏறும், மற்ற நாட்களில் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். வாரியத்தின் சாம்பிள் எந்த நாளில் விழுகிறது என்பது அதிர்ஷ்டம். கிளீனரை இ.டி.டி.ஏ. இல்லாத வகைக்கு மாற்றுவது முதல் தீர்வு. முடியாவிட்டால், கொட்டும் கிளீனரைத் தனி டேங்க்கில் பிடித்து வைத்து, நிக்கல் தண்ணீரோடு கலக்காமல், தனியாகச் சுண்ணாம்புப் பேட்ச்சில் சுத்திகரிப்பது. 250 கிலோலிட்டரில் கரைந்த இ.டி.டி.ஏ.வோடு மல்லுக்கட்டுவதற்கு ஒன்று, இரண்டு கிலோலிட்டரோடு மல்லுக்கட்டுவது எவ்வளவோ மேல்.

எலக்ட்ரோலெஸ் (மின்சாரமில்லாமல் பூசும்) நிக்கல் பாத் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாத்தில் லிட்டருக்கு 5, 6 கிராம் நிக்கலும் அதைப் பிடித்துவைக்கும் கரிம அமிலங்களும் ஹைப்போபாஸ்பைட்டும் சேர்ந்திருக்கும். அதை ஈ.டி.பி.யில் ஊற்றினால் எந்தக் கணக்கும் தாங்காது.

குரோம் டேங்க்கில் மூன்று கண்ணி

ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் ஹைட்ராக்சைடாக விழாது. பி.எச். 2 முதல் 2.5 வரை இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு டிரைவேலன்ட் ஆக்கிய பிறகுதான் காஸ்டிக்குக்கு அடங்கும். பி.எச். 2-இல் சில நிமிடங்களில் முடிகிற வினை 4-இல் ஒரு மணி நேரம் கழித்தும் முடியாது. அமிலப் பம்ப் அடைத்துக்கொண்டு பி.எச். 3.8-இல் ஓடிக்கொண்டிருக்கும் டேங்க்கில் எவ்வளவு மெட்டாபைசல்ஃபைட் போட்டாலும் கடைசியில் டைஃபினைல் கார்பசைடு சோதனையில் ஊதாச் சிவப்பு வரத்தான் செய்யும்.

டோஸ் கணக்கு: ஒரு கிராம் குரோமியத்துக்கு 2.74 கிராம் மெட்டாபைசல்ஃபைட். ஷாப்களில் மூன்று மடங்கு என்று ஒரு வழக்கம் உண்டு. லிட்டருக்கு 200 மி.கி. குரோம் உள்ள தண்ணீரில் அது சரியாக வேலை செய்யும். 20 மி.கி. உள்ள ரின்ஸ் தண்ணீரில் கைவிடும். காரணம் கரைந்த ஆக்ஸிஜன். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் 25 டிகிரியில் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் 7.4 மி.கி. அளவு. அது முழுவதும் வினைபுரிந்தால் 44 மி.கி. மெட்டாபைசல்ஃபைட்டைத் தின்றுவிடும். குரோமுக்கு வேண்டியது 55, ஆக மொத்தம் 99. மூன்று மடங்கு விதி தருவதோ 60. அதனால் இந்த டேங்க்கில் காற்றடித்துக் கலக்கக் கூடாது, விசிறி வைத்த ஸ்டிரர்தான் வேண்டும். காற்று புது ஆக்ஸிஜனையும் கொண்டுவரும், அமிலத்தில் நிற்கும் சல்ஃபர் டைஆக்சைடையும் வெளியே தள்ளும். பக்கத்தில் நிற்பவருக்கு இருமல் வந்தால் ரசாயனம் காற்றில் போகிறது என்று பொருள். ஓ.ஆர்.பி. (ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க அழுத்தம்) மீட்டரில் 250 முதல் 300 மில்லிவோல்ட் என்பது வழக்கமான முடிவு அடையாளம், அது பி.எச்.சோடு சேர்ந்து நகரும் எண் என்பதால், பி.எச்.சைப் பிடித்து நிறுத்தாமல் ஓ.ஆர்.பி.யை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது கண்ணி விசித்திரமானது. குரோம் டேங்க்கில் ஹெக்ஸாவேலன்ட் பூஜ்யம். கடைசி வெளிவாயிலில் 0.5 மி.கி. எங்கிருந்து வந்தது? நிறத்துக்காகவோ சயனைடுக்காகவோ போட்ட ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) மிஞ்சியிருந்தால், காரத் தண்ணீரில் அது டிரைவேலன்ட் குரோமியத்தைத் திரும்ப ஹெக்ஸாவேலன்ட் ஆக்கிவிடும். சமநிலைக் கணக்கில் குளோரினையும் குரோமையும் ஒரே டேங்க்கில் வைத்தால் ஒரே வரியில் இது தெரிந்துவிடும். சயனைடு வரிசைத் தண்ணீரில் மிஞ்சிய குளோரினைக் கொன்றுவிட்டே குரோம் வரிசையோடு சேர்க்க வேண்டும். சயனைடுத் தண்ணீரை அமிலத் தண்ணீரோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது என்பதை இங்கே மறுபடி சொல்லிவைப்பதில் தவறில்லை. அது வாரியத்தின் வரம்புக்கு முன்னால் உயிர் பற்றியது.

அமிலச் செலவில் போர்வெல்லின் பங்கு யாரும் கணக்கெடுக்காதது. காரத்தன்மை 300 மி.கி. உள்ள தண்ணீரை பி.எச். 2.5-க்கு இறக்க ஒரு கிலோலிட்டருக்கு 450 கிராம் கந்தக அமிலம் வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பைகார்பனேட்டுக்கே போகிறது. அந்தப் பைகார்பனேட் கார்பன் டைஆக்சைடாகத் தண்ணீரிலேயே நின்றால், பி.எச். 9.5-க்குத் திரும்ப ஏற்றும்போது ஒரு கிலோலிட்டருக்குக் கால் கிலோவுக்கு மேல் காஸ்டிக்கைத் தின்னும். குரோம் ஒடுக்கம் முடிந்த பிறகு, காஸ்டிக் போடுவதற்கு முன், தனி டேங்க்கில் அரை மணி நேரம் காற்றடித்தால் அது வெளியே போய்விடும். காற்று எந்த டேங்க்கில் கெடுதலோ, அதற்கடுத்த டேங்க்கில் அதே காற்று லாபம்.

பி.எச். 12-இலிருந்து இறங்கும் வழி

வெளியே விட வேண்டிய பி.எச். 9-க்குள். சுண்ணாம்பு பேட்ச் நிற்பது 12-இல். இறக்கும்போதுதான் பலர் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்கிறார்கள். இ.டி.டி.ஏ. அழியவில்லை, கால்சியத்திடம் இருக்கிறது, அவ்வளவுதான். மிதக்கும் நிக்கல் ஃப்ளாக் தண்ணீரில் இருக்கும்போதே அமிலம் விட்டால், நிக்கல் கரையும், இ.டி.டி.ஏ. கால்சியத்தை விட்டுவிட்டு அதைப் பிடிக்கும், ரிப்போர்ட்டில் பழைய 6 திரும்ப வரும். ஃபில்டர் பிரஸ்ஸோ மணல் ஃபில்டரோ தாண்டி, தெளிந்த தண்ணீரில் மட்டுமே அமிலம் விட வேண்டும்.

ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஷாப்புக்கு இன்னொரு கணக்கு பாக்கி. வெறும் தண்ணீரில் ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம் கரையும். கால்சியம் 800 மி.கி., அமிலத்திலிருந்தும் மெட்டாபைசல்ஃபைட்டிலிருந்தும் வந்த சல்ஃபேட் 1000 மி.கி. என்றால் டேங்க்கிலேயே தண்ணீர் தெவிட்டும் விளிம்பில் நிற்கிறது. 75 சதவீதம் மீட்கும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் தண்ணீர் நான்கு மடங்கு செறிவாகும். கால்சியம் நான்கு, சல்ஃபேட் நான்கு, இரண்டின் பெருக்கம் பதினாறு மடங்கு. ஆன்டிஸ்கேலன்ட் (படிவு தடுக்கும் ரசாயனம்) அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். ஜிப்சம் கால்சைட் மாதிரி அமிலத்தில் கரையாது, மெம்பிரேன் மேல் ஒட்டினால் ஒட்டியதுதான். ஆகவே சுண்ணாம்புக்கு மாறும் ஷாப்பில் அமிலத் தொட்டிக்குக் கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் போடலாமா, நிக்கலை வடிகட்டிய பிறகு சோடா ஆஷ் போட்டுக் கால்சியத்தைக் கால்சைட்டாக இறக்கலாமா என்று விஷுவல் மின்டெக்கில் தெவிட்டுக் குறியீட்டை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் பீக்கரில் நான்கில் ஒன்றாக வற்றக் காய்ச்சி, அடியில் என்ன படிகிறது என்று பார்த்த பிறகே பைப் போட வேண்டும்.